நிரலாக்கக் கருவிகளும் நினைவகப் பங்கீடும்

கணினிக்குச் செய்நிரல் எழுதுவோர் இக்காலத்திற் பாவிக்கும் பெருங்கருவிகளுட் பல, தாமே ஜாவா மொழியில் எழுதப்பட்ட செய்நிரல்கள் ஆகும். ஐ.பி.எம். நிறுவனத்தில் உருவாகி 2001ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் மூலநிரலோடு யாவர்க்கும் திறந்துவிடப்பட்ட எக்லிப்ஸ். பிராக் நகரத்துச் சாள்ஸ் பல்கலைக்கழக மாணவர் சிலர் 1996இல் தொடங்கிய முயற்சியிலிருந்து வளர்ந்த நெற்பீன்ஸ். அதே நகரிற் பிறந்த ஜெற்பிறெயின்ஸ் நிறுவனத்தார் 2001 ஜனவரியில் வெளியிட்ட இன்ரெலிஜே ஐடியா. அதனை அடித்தளமாகக் கொண்டு கூகிள் நிறுவனம் 2013இல் அறிமுகஞ் செய்த அன்ட்ரொயிட் ஸ்ரூடியோ என்பன இவ்வினத்துட் பெயர்பெற்றவை. இலங்கையில் 2005இல் நிறுவப்பட்ட டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனமும் தன் விருத்திக் கருவியைப் பல ஆண்டுகளாக எக்லிப்ஸின்மீதே கட்டி வழங்கிற்று. இவை அனைத்தையும் 'விருத்திச் சூழல்' என்னும் பொதுப்பெயராற் குறித்து மேலே செல்வாம்.

இவற்றைப் பாவிப்போர், கல்லூரி மாணவராயினுஞ் சரி, கொழும்பிலோ கடல்கடந்தோ உத்தியோகம் பார்க்கும் பழைய மாணவராயினுஞ் சரி, ஒரே முறைப்பாட்டையே கூறுவர். கருவி நினைவகத்தை விழுங்குகின்றது; ஓர் எழுத்தைத் தட்டினால் அது திரையில் தோன்றுவதற்குள் ஒரு மிடறு தேநீர் பருகிவிடலாம் என்பர். இதற்கு அவர்கள் கேட்டறிந்த மருந்துகளும் இரண்டே. புதுக் கணினி வாங்குக என்பது ஒன்று. அமைவுக் கோப்பில் நினைவக எல்லையைக் குறிக்கும் எண்ணை இரட்டிப்பாக்குக என்பது மற்றையது. முதலாவது மருந்து, பிள்ளையின் படிப்புக்கெனச் சீட்டுப் பிடித்து 8 கிகாபைற்று மடிக்கணினியொன்றை வாங்கிக்கொடுத்த குடும்பத்துக்குச் சொல்லத்தக்கதன்று. இரண்டாவது மருந்து இலவசமாகக் கிடைப்பதால் எல்லோராலும் உட்கொள்ளப்படுகின்றது. நோயறியாது உட்கொள்ளப்படுவதால் நோயை வளர்த்தும் விடுகின்றது. எண்ணைத் தொடுமுன் அவ்வெண் யாதென்பதை அறிதல் வேண்டும். அது கடினமான காரியமன்று. ஆயினும் சிறிது பொறுமை வேண்டுவது.

ஜாவா மொழி, சண் மைக்கிறோசிஸ்ரம்ஸ் நிறுவனத்தில் ஜேம்ஸ் கொஸ்லிங் முதலானோரால் ஆக்கப்பட்டு 1995இல் வெளிப்பட்டது. (அதன் பெயர் தீவினின்றும் நேரே வந்ததன்று, அத்தீவின் பெயரால் வழங்கிய கோப்பியின் வழியாக வந்தது.) அம்மொழியிலான செய்நிரல், கணினியின்மேல் நேரடியாக ஓடாது, 'மெய்நிகர்ப் பொறி' என்னும் இடைநிலைச் செய்நிரல் ஒன்றின்மேல் ஓடுகின்றது. செய்நிரல் ஆக்கும் பொருள்கள் யாவும், அஃதாவது நாம் திறந்த கோப்பின் எழுத்துக்கள், அவற்றைப் பகுத்தாய்ந்து கருவி அமைத்த மரவுருக்கள், சொல்லைத் தட்டும்போது எஞ்சியதை ஊகித்துக் காட்டும் பட்டியல்கள் ஆகிய யாவும், அப்பொறி ஒதுக்கிவைத்த 'குவியல்' என்னும் நினைவகப் பரப்பில் இடம்பெறுகின்றன. சி மொழியில் எழுதுவோன் தான் எடுத்த இடத்தைத் தானே திருப்பிக் கொடுத்தல் வேண்டும். ஜாவாவில் எழுதுவோனுக்கு அக்கவலை இல்லை. பயனற்றுப்போன பொருள்களைப் பொறியே கண்டு அகற்றும். 'குப்பை சேகரிப்பு' எனப்படும் இம்முறை ஜாவாவுடன் பிறந்ததன்று. ஜோன் மக்கார்த்தி என்னும் அமெரிக்க அறிஞர் லிஸ்ப் மொழிக்காக வகுத்து 1960இல் வெளியிட்ட கட்டுரையிலேயே அதன் கரு உண்டு.

இதனை எம் வாசிகசாலையின் நீண்ட மேசையைக் கொண்டு விளக்கலாம். வாசிப்போர் அலுமாரியிலிருந்து நூல்களை எடுத்து வந்து மேசையில் வைத்தவண்ணம் இருப்பர். எவரும் திருப்பி வைப்பதில்லை. மேசை நிறைந்ததும் நூலகப் பணியாளர் வந்து, "எல்லோரும் ஒரு கணம் கையை எடுங்கள்" என்பார். பின்னர், எவர் கையில் எந்நூல் உள்ளதென்றும், அந்நூலோடு சேர்த்துப் பார்க்கவெனக் குறிக்கப்பட்டவை எவையென்றும், அவை சுட்டுவன எவையென்றும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்து சென்று அடையாளமிடுவார். அடையாளம் பெறாதவை குப்பை. அவற்றை அகற்றியபின் வாசிப்பு மீளத் தொடங்கும். இங்கே இரண்டு விடயங்களை மாணவர் மனங்கொள்ளல் நன்று. பணியாளருக்குச் செல்லும் நேரம் பெரும்பாலும் அகற்றப்படும் நூல்களின் தொகையைப் பொறுத்ததன்று. வைத்திருக்க வேண்டிய நூல்களின் தொகையைப் பொறுத்தது. அவர் வேலை செய்யும்போது மற்றையோர் வேலை நிற்கின்றது. விருத்திச் சூழல் இடையிடையே 'உறைந்து' நிற்பதாகத் தோன்றுவதற்கு இதுவே ஒரு பிரதான காரணம்.

இனிக் கணக்கிற்கு வருவோம். ஒரு கணத்தில் உண்மையிலே தேவைப்படும் பொருள்களின் மொத்த அளவை 'உயிர்த்தொகை' எனக் கொள்வோம். குவியலின் எல்லையிலிருந்து அதைக் கழித்தால் எஞ்சுவது வெற்றிடம். ஒருவருடைய செயற்றிட்டத்தைத் திறந்துவைத்த கருவியின் உயிர்த்தொகை 700 மெகாபைற்று என்றும், வேலை நடக்கையில் அது நொடிக்கு 50 மெகாபைற்றுப் புதுப்பொருள்களை ஆக்குகின்றது என்றும், ஒரு முறை முழுக்குவியலையும் துப்புரவாக்க அரை நொடி செல்லும் என்றும் வைத்துக்கொள்க. எல்லை 750 மெகாபைற்றாயின் வெற்றிடம் 50. ஆகவே நொடிக்கொரு தரம் அது நிறைந்து, அரை நொடி வேலை தடைப்படும். மூன்றிலொரு பங்கு நேரம் துப்புரவுக்கே போயிற்று. எல்லையை 1400 ஆக்குவோம். வெற்றிடம் 700, பதினான்கு நொடிக்கு ஒரு தரமே துப்புரவு வேண்டும். செலவு நூற்றுக்கு மூன்றரையளவாகக் குறைந்துவிடும். இதுவரை மருந்து பலித்தது. இன்னும் 700ஐச் சேர்த்து 2100 ஆக்கினால், செலவு மூன்றரையிலிருந்து ஒன்றேமுக்காலாகும்; மேலும் 700ஐச் சேர்த்தால் ஒன்றுக்குச் சற்று மேலாகும். முதல் 650 மெகாபைற்று ஆளைத் தூக்கி நிறுத்திற்று. கடைசி 700ஐ எவரும் உணரார்.

எல்லையை உயர்த்துதல் நல்லதோ தீயதோ என்னும் வினா பொதுவாக விடையளிக்கத்தக்கதன்று என்பது இதனாற் போதரும். உயிர்த்தொகைக்கு மிக நெருங்கி எல்லை இருப்பின் உயர்த்துவது பேருபகாரம். ஏலவே இரட்டிப்பளவு இருப்பின் அது வீண். அந்தரங்கமான உண்மை என எதுவும் இதிலில்லை. வகுத்தற் கணக்கு மாத்திரமே.

உண்மைப் பொறிகள் மேற்கூறியதினும் நுட்பமானவை. ஆக்கப்படும் பொருள்களுட் பெரும்பாலானவை பிறந்தவுடனேயே பயனற்றுப்போகின்றன என்பது அனுபவத்தாற் கண்ட உண்மை. ஆதலின் குவியலை இளமைப் பகுதி, முதுமைப் பகுதி எனப் பிரித்து, இளமைப் பகுதியை அடிக்கடியும் முதுமைப் பகுதியை அரிதாகவும் துப்புரவாக்கும் முறை 1980களில் வகுக்கப்பட்டது. டேவிட் அங்கர் 1984இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையிற் பெயர்பெற்றது. 2017இல் வந்த ஒன்பதாம் பதிப்பு முதலாக ஜாவாவில் இயல்பாக அமையும் 'ஜீ-ஒன்' சேகரிப்பான், குவியலைச் சிறு சிறு பாத்திகளாக வகுத்து, குப்பை மிகுந்த பாத்திகளை முதலிற் கவனித்து, தடைநேரத்தைக் குறிப்பிட்ட அளவுக்குள் அடக்க முயல்கின்றது. இவற்றால் நம் கணக்கின் எண்கள் மாறுமேயன்றி அதன் போக்கு மாறாது. வெற்றிடம் அற்றுப்போன குவியலில் எந்தச் சேகரிப்பானும் திணறவே செய்யும்.

நிற்க. எல்லையை அளவுக்கு மேல் உயர்த்தினால் வீணாதல் மாத்திரந்தானா, கேடும் உண்டா என வினவலாம். கேடுண்டு. கணினியின் நினைவகம் போதாதபோது, பணிசெயல் முறைமையானது அண்மையில் தொடப்படாத பக்கங்களை வன்தட்டுக்கு மாற்றிவைத்து இடம் உண்டாக்கும். சாதாரணச் செய்நிரல் ஒன்றின் தூங்கும் பகுதி அவ்வாறு தட்டுக்குச் செல்வதால் எவர்க்கும் இடரில்லை. அதைத் தொடுவார் இல்லை. ஜாவாக் குவியலுக்கோ அந்த நிம்மதி கிடையாது. முழுத் துப்புரவு நடக்கும்போது சேகரிப்பான் உயிருள்ள ஒவ்வொரு பொருளையும் தேடிச் சென்று அடையாளமிட வேண்டுமன்றோ? தட்டில் உறங்கும் பக்கங்கள் ஒவ்வொன்றையும் அது எழுப்பி நினைவகத்துக்குக் கொணர்விக்கும். அவற்றுக்கு இடங்கொடுக்க வேறு பக்கங்கள் தட்டுக்கு ஓடும். அரை நொடித் துப்புரவு அரை நிமிடமாக நீளும். மேசையிலுள்ள நூலைப் பார்ப்பதற்கும், அடுத்த ஊர் வாசிகசாலைக்கு ஆளனுப்பி எடுப்பிப்பதற்கும் உள்ள வேறுபாடு இது. 8 கிகாபைற்றுக் கணினியில் விருத்திச் சூழலுக்கு 6 கிகாபைற்று எல்லை கொடுத்தவர், 'கொடுக்கக் கொடுக்கக் கருவி மெதுவாகின்றது' என வியப்பதன் காரணம் இதுவேயாம்.

வேறொரு மயக்கமும் உண்டு. நாம் குறிக்கும் எல்லை குவியலுக்கு மாத்திரமே உரியது; பொறி முழுவதற்கும் உரியதன்று. ஏற்றப்பட்ட வகுப்புக்களின் விவரங்கள், அடிக்கடி ஓடும் பகுதிகளைப் பொறிமொழிக்கு மாற்றி வைக்குங் களஞ்சியம், ஒவ்வோர் இழைக்கும் வேண்டிய அடுக்கு, சேகரிப்பானின் சொந்தக் குறிப்பேடுகள் என்பன யாவும் குவியலுக்கு வெளியே இடம் பிடிப்பன. பெரிய கருவியில் இவை ஒரு கிகாபைற்றை எட்டுதல் புதுமையன்று. இரண்டு கிகாபைற்று எல்லை வகுத்திருக்க, பணி மேலாளர் மூன்று காட்டுகின்றதே என்று கலங்குவோர் இதனை அறிந்தால் அமைதியுறுவர்.

இதனினும் முக்கியமானது, ஒரு விருத்திச் சூழல் என நாம் நினைப்பது பெரும்பாலும் பல பொறிகளின் கூட்டம் என்பது. அன்ட்ரொயிட் ஸ்ரூடியோவில் ஒருவர் கைத்தொலைபேசிச் செயலி ஒன்றை எழுதுகின்றார் எனக் கொள்வோம். கருவி ஒரு பொறி. செயலியைத் தொகுத்துக் கட்டும் கிறேடில் என்பது பின்னணியில் ஓடும் மற்றொரு பொறி. வேலை முடிந்த பின்னும் இயல்பாக மூன்று மணி நேரம் அடுத்த கட்டளைக்காகக் காத்திருக்கும் தன்மையது. கொட்லின் மொழியில் எழுதினால் அதன் தொகுப்பியும் தனிப்பொறியாக நிற்றல் கூடும். எழுதியதை ஓட்டிப் பார்க்க ஒரு தொலைபேசியையே கணினிக்குள் போலியாக்கிக் காட்டும் செய்நிரல் வேறு. கருவியின் எல்லையை எவ்வளவு உயர்த்தினும் கிறேடிலுக்கு அதில் ஒரு துளியும் சேராது. அதற்குச் செயற்றிட்டத்தின் 'கிறேடில் புறப்பேட்டீஸ்' என்னும் கோப்பில் தனி வரி உண்டு. தொகுக்கையில் நினைவகம் போதாதெனப் பிழைச்செய்தி வருமாயின் திருத்த வேண்டுவது அக்கோப்பை.

ஆகவே 8 கிகாபைற்று உடையவர் ஒரு குடும்ப வரவு செலவுத் திட்டம் போல இதனை வகுத்துக்கொள்ளல் வேண்டும். பணிசெயல் முறைமைக்கும் இணைய உலாவிக்கும் மூன்றரை. கருவியின் குவியலுக்கு இரண்டு. குவியலுக்குப் புறம்பானவைக்கு ஒன்று. கிறேடிலுக்கு எல்லாமாக ஒன்றரை. இவ்வளவில் எட்டும் முடிந்தன. போலித் தொலைபேசிக்கு இதில் இடமில்லை. அதற்கு மருந்து, உண்மைத் தொலைபேசியை வடத்தால் இணைத்து அதிலே ஓட்டிப் பார்ப்பது. பழைய தொலைபேசியாயினும் பழுதில்லை. உலாவியில் முப்பது பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டு ஜாவாவை வைவதும் நியாயமன்று. எனது கருத்தில், இந்தப் பங்கீட்டைக் காகிதத்தில் ஒரு முறை எழுதிப் பார்த்தவர் பிறகு அமைவுக் கோப்பைக் கண்மூடித் திருத்தார்.

உயிர்த்தொகையை எங்ஙனம் அறிவது? முற்கூறிய கருவிகளில் நினைவகப் பாவனையைக் காட்டும் சிறு பட்டை உண்டு. எக்லிப்ஸில் பொது விருப்பத் தேர்வுகளில் 'குவியல் நிலையைக் காட்டு' என்பதை இயக்குதல் வேண்டும். இன்ரெலிஜேயில் அடிப்பட்டையில் வலச்சுட்டி அழுத்தி நினைவகக் காட்டியைத் தெரிவு செய்யலாம். அதிலுள்ள எண்ணை ஒரு கணம் பார்த்துவிட்டு, 'நூற்றுக்குத் தொண்ணூறு நிரம்பிவிட்டது' என அஞ்சுதல் கூடாது. எண் ஏறுவதும், சேகரிப்பு நடந்ததும் சடுதியாக இறங்குவதும் இயல்பு. வரைந்து பார்த்தால் அரிவாளின் பல்லைப் போன்றிருக்கும். பற்களின் உச்சி பொருளற்றது, அடியே பொருளுடையது. முழுத் துப்புரவின் பின் எண் எவ்வளவுக்கு இறங்குகின்றதோ அதுவே ஏறத்தாழ உயிர்த்தொகை. ஒரு மணி நேரம் வேலை செய்து அடிகளைக் குறித்து வைத்து, அதன் இரட்டிப்பளவை எல்லையாக வைத்துக்கொள்ளுதல் தொடக்கத்துக்குப் போதியது. பட்டையை இடையறாது அழுத்தி அழுத்தித் துப்புரவு செய்விக்கும் பழக்கமுடையார் சிலர் உளர்; அவர்கள் பணியாளரை வீணே அலைக்கழிக்கின்றனர்.

இன்னுந் திட்டமாக அறிய விரும்புவோர்க்கு ஜாவா விருத்திப் பொதியுடன் வரும் 'ஜே-ஸ்ராற்' என்னும் கட்டளை உண்டு. 'ஜே-பி-எஸ்' என்னும் கட்டளையால் ஓடும் பொறிகளின் இலக்கங்களை அறிந்து, கருவியின் இலக்கத்தைக் கொடுத்தால், முதுமைப் பகுதி நூற்றுக்கு எத்தனை நிறைந்துள்ளதென்றும், முழுத் துப்புரவு எத்தனை தரம் நடந்ததென்றும், துப்புரவுக்கு மொத்தம் எத்தனை நொடி சென்றதென்றும் நொடிக்கு நொடி ஒரு வரியாக அச்சிடும். பத்து நிமிடத்தில் துப்புரவுக்குச் சென்றது ஐந்து நொடி எனின், கருவியின் மந்தத்துக்குக் குவியல் குற்றவாளியன்று, வேறிடத்தில் தேடுக. இருநூறு நொடி எனின் குற்றவாளி அகப்பட்டான். படமாகக் காண விரும்புவோர் விஷுவல்-வீ-எம் என்னும் இலவசக் கருவியைப் பாவிக்கலாம்.

எல்லையைக் குறிக்கும் விருப்புரிமை 'எக்ஸ்-எம்-எக்ஸ்' எனப்படும். தொடக்க அளவைக் குறிப்பது 'எக்ஸ்-எம்-எஸ்'. எக்லிப்ஸின் அமைவுக் கோப்பில் 'வீ-எம்-ஆர்க்ஸ்' என்னும் வரிக்குப் பின்வருவன மாத்திரமே பொறியைச் சென்றடையும். ஒவ்வொன்றும் தனி வரியில் இருத்தல் வேண்டும். இவ்விரு விதியையும் மீறி எழுதிவிட்டு மாற்றம் பலிக்கவில்லை என்பார் பலர். நெற்பீன்ஸில் அதன் அமைவுக் கோப்பிலே, பொறிக்குரிய விருப்புரிமைகளின் முன் 'ஜே' என்னும் எழுத்தைச் சேர்த்து எழுதுதல் வேண்டும். இன்ரெலிஜேயிலும் அதன் வழிவந்தவற்றிலும் கருவி நிறுவப்பட்ட இடத்துக் கோப்பைத் தொடாது, உதவிப் பட்டியலிலுள்ள கட்டளையால் உமக்கெனத் தனிக் கோப்பை ஆக்கித் திருத்துக. இல்லையேல் அடுத்த புதுப்பிப்பில் நீர் எழுதியது அழிந்துபோம். எதனை மாற்றினும் ஒரு தருணத்தில் ஒன்றையே மாற்றுதலும், முன்னிருந்த எண்ணைக் குறித்து வைத்தலும் ஆய்வுகூடத்தில் நாம் பழகிய ஒழுக்கமன்றோ.

பழைய அறிவுரைகளிற் கவனமாயிருத்தல் வேண்டும். ஒரு காலத்தில் எல்லோரும் எழுதிய 'நிரந்தரத் தலைமுறை' அளவு என்னும் விருப்புரிமை, 2014இல் வந்த ஜாவா எட்டாம் பதிப்போடு பொருளிழந்தது. அப்பகுதியே அகற்றப்பட்டு, வகுப்பு விவரங்கள் குவியலுக்கு வெளியே சென்றன. எட்டாம் பதிப்பு அவ்வரியைக் கண்டால் எச்சரித்துவிட்டு விலகிப்போகும். பதினேழாம் பதிப்போ தொடங்கவே மறுத்துவிடும். 'சீ-எம்-எஸ்' என்னும் சேகரிப்பானும் பதினான்காம் பதிப்பில் நீக்கப்பட்டது. 32 பிற்றுப் பொறியில் விண்டோஸில் ஏறத்தாழ ஒன்றரைக் கிகாபைற்றுக்கு மேல் குவியல் அமையாது என்று பழைய குறிப்புக்கள் கூறுவது உண்மையே. 64 பிற்றுப் பொறிக்கு அது பொருந்தாது. பெருங்கணினி உடைய பழைய மாணவர்க்கு ஒரு வார்த்தை: எல்லை 32 கிகாபைற்றைத் தாண்டினால் ஒவ்வொரு சுட்டியும் நான்கு பைற்றிலிருந்து எட்டாக விரியும். ஆதலால் 33 கிகாபைற்றுக் குவியல் 31இனும் குறைவாகவே கொள்ளுதல் கூடும்.

இனி நினைவகத்தோடு தொடர்பற்ற மந்தத்தைச் சுருக்கமாகக் கூறுவாம். கருவியைத் திறந்த முதற் சில நிமிடங்களில் எக்கருவியும் மந்தமாகவே இருக்கும். ஒன்று, மெய்நிகர்ப் பொறி எப்பகுதி அடிக்கடி ஓடுகின்றதெனக் கண்ட பின்னரே அதைப் பொறிமொழிக்கு மாற்றுகின்றது. மற்றொன்று, செயற்றிட்டத்தின் எல்லாக் கோப்புக்களையும் வாசித்துச் சொல்லடைவு அமைக்கும் வேலை அப்போது நடக்கின்றது. ஆதலின் கருவியை அடிக்கடி மூடித் திறத்தல் பயன்தராது. தொகுப்பின் விளைவுகள் சேரும் கோப்புறைகளையும், இறக்கிவைத்த பெரிய நூலகங்களையும் சொல்லடைவிலிருந்து விலக்கினால் வேலை குறையும். உயிர்த்தொகையுங் கூடவே குறையும். பாவியாத செருகுநிரல்களை நிறுத்துக. வைரசு காவலன், கருவி எழுதும் ஒவ்வொரு சிறு கோப்பையும் நின்று சோதிப்பதால் விண்டோஸில் உண்டாகும் தாமதம் பலர் எண்ணுவதினும் பெரிது. செயற்றிட்டக் கோப்புறையைச் சோதனையிலிருந்து விலக்கலாம். எனினும் விலக்கிய இடத்தில் அயலார் தந்த நிரலை வைத்தல் ஆபத்து. சுழலும் வன்தட்டுடைய பழைய கணினிக்கு நினைவகம் சேர்ப்பதினும், திண்மநிலைத் தட்டு மாற்றுவது சில வேளை கூடிய பயன்தரும்.

இறுதியாக, பற்களின் அடி நாள்முழுவதும் ஏறிக்கொண்டே போகும் நோய். எல்லையை உயர்த்தினால் கருவி நிற்கும் நேரம் பிற்போடப்படுமேயன்றி நோய் தீராது. பயனற்ற பொருளை யாரோ இன்னுங் கையிற் பிடித்திருக்கின்றார் என்பது இதன் பொருள். மூடிய செயற்றிட்டத்தை விடாது பற்றியிருக்கும் செருகுநிரலே பெரும்பாலும் காரணம். செருகுநிரல்களைப் பாதி பாதியாக நிறுத்திப் பார்த்தால், பதினாறு இருப்பினும் நான்கு சோதனையிற் குற்றமுடையது வெளிப்படும். அவ்வாறும் அகப்படாதாயின், நினைவகம் தீர்ந்து பொறி விழும் கணத்திற் குவியல் முழுவதையும் ஒரு கோப்பாக எழுதுவிக்கும் விருப்புரிமை உண்டு. ஓடுகையிலேயே 'ஜே-சி-எம்-டி' என்னும் கட்டளையாலும் அதைப் பெறலாம். எக்லிப்ஸ் அமைப்பின் நினைவக ஆய்வுக்கருவி அக்கோப்பைத் திறந்து, எப்பொருள் எவ்வளவு இடத்தைப் பிடித்து வைத்துள்ளதென்றும், அதனைப் பிடித்திருப்பது யாதென்றும் வேர்வரை காட்டும். கருவியை ஆக்கியோர்க்கு முறையிடும்போது இச்சான்று நூறு வார்த்தைக்குச் சமம். ஆயின் அக்கோப்பைப் பொதுவிடத்தில் வெளியிடுமுன் ஒன்றை நினைக்க. திறந்திருந்த மூலநிரலின் எழுத்துக்களும், கருவி அப்போது நினைவில் வைத்திருந்த கடவுச்சொற்களும் அதனுள் வாசிக்கத்தக்க உருவிலேயே கிடத்தல் கூடும். உத்தியோகத்திலுள்ளோர் தம் நிறுவனத்தாரின் அனுமதியின்றி அதனை அனுப்புதல் கூடாது. மாணவர் அனுப்புவராயின், கடவுச்சொல் எதுவும் இல்லாத சிறு செயற்றிட்டம் ஒன்றில் அந்நோயை மீள உண்டாக்கி, அதன் கோப்பை அனுப்புக.